டாஷ்போர்டில் ஒரு திருவிளக்கு

பேட்டரிக்கு ஆபத்து என்று கத்துகிற சிவப்பு பல்பைக் கண்டு பக்தியோடு கைகூப்பிய குடும்பம் இந்த உலகத்தில் எங்கள் குடும்பம் ஒன்றுதான். இதை நான் கூனிக் குறுகிச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறேன். (பொதுவாகச் சாய்ந்தே உட்காருகிறவன் நான். இந்தக் கதைக்கு மட்டும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.) பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட யாருக்கும் தெரியும். பரவசப்பட ஒரு தனித் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் எங்கள் ஆத்தில் எல்லோருக்கும் இருந்தது, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

அறுபதுகளின் தொடக்கம். அப்பா திருச்சி கோர்ட்டில் வக்கீல். ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் வீடு. பொன்மலை ரயில்வே காலனியில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய அதிகாரி ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறார், காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பா அதை வாங்கிவிட்டார். சின்னக் கார். மேலே கான்வாஸ் கூரை. அதை மடித்துப் பின்னால் தள்ளினால் ஆகாயமே இறங்கி வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். காவிரிப் பாலத்தில் போகும்போது முதுகுக்குப் பின்னால் மலைக்கோட்டை சிறுத்துக்கொண்டே போகும், எதிரே கோபுரம் வளர்ந்துகொண்டே வரும், நடுவில் நாங்கள் காற்றைக் குடித்துக்கொண்டு பறப்போம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கவிதை எழுதும் வியாதி முற்றியிருந்த பருவம். எங்கள் ஆத்தில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். (ஓட்ட மட்டும்தான் தெரியும் என்பது போகப்போகத் தெரியும்.)

காரை ஒப்படைத்த அன்று அந்த அதிகாரி சாவியைத் திருப்பிக் காட்டினார். டாஷ்போர்டில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு பல்ப் எரிந்தது. இன்ஜினைக் கிளப்பினார். பொட்டு மறைந்தது.

“பார்த்துக்க மேன். இது போச்சுன்னா குட். ஓடறப்போ வந்துச்சுன்னா பேட். உடனே என்னா ஏதுன்னு பார்க்கணும்.”

காவிரிப் பாலம் தாண்டினோம். அம்மாமண்டபப் படித்துறை வந்ததும் அப்பா ஆரம்பித்தார். “விளக்குப் போனா நல்லது, வந்தா கெட்டதாம். இப்படிப் பேசற மனுஷன்கிட்டயா வண்டி வாங்கினோம்?”

எங்கள் ஆத்தில் விளக்கு அணைந்தது என்றே யாரும் சொல்லமாட்டார்கள். மலையேறியது என்பார்கள். வாய் தவறி வேறு மாதிரிச் சொன்ன சமையல்காரர் ஒருவர் வேலையை விட்டே போயிருக்கிறார். அம்மா விஷயத்தை ஒரே வார்த்தையில் முடித்தாள். “அவா சொல்றதை நாம திருப்பித்தான் எடுத்துக்கணும்.” மறுநாள் காலை அந்தச் சிவப்பு பல்புக்கு நேர் மேலே பெருமாள் படம் ஒன்றை ஏளப் பண்ணினாள். (எழுந்தருளச் செய்தாள் என்று அர்த்தம். பெருமாளை ‘மாட்டினாள்’ என்று எங்கள் ஆத்தில் சொல்லக் கூடாது.) அன்று முதல் அது பல்ப் இல்லை. திருவிளக்கு.

பிறகு எங்கள் கார் கிளம்புவதே ஒரு சடங்காகிவிட்டது. நான் சாவியைத் திருப்புவேன். திருவிளக்கு எரியும். எல்லோரும் கைகூப்பிச் சேவிப்பார்கள். நான் இன்ஜினைக் கிளப்பும்போது, விளக்கு மறைவதைப் பார்க்கக் கூடாது என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அப்பா கோர்ட்டில் கனைப்பது போலக் கனைப்பார். கார் நகர்ந்ததும் அம்மாவுக்கு அதே ஏக்கம்.

“ஏன்டா சேஷு, ஓடறப்பவும் இது நின்னு எரியப்படாதோ?”

“மெக்கானிக்கைக் கேட்டுப் பார்க்கட்டுமா அம்மா?”

“பெருமாள் விஷயத்தைப் போய் மெக்கானிக்கைக் கேப்பாளோ?”

கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் என் அக்கா வேதாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை ராகவன், திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பெரிய தொழிற்சாலையில் இன்ஜினீயர். ரொம்ப சாது. அவருக்கும் சேர்த்துப் பேச மெட்ராஸிலிருந்து ஒரு சித்தப்பா வந்திருந்தார். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, அதைத் தரையில் தட்டித் தட்டிப் பேசும் பழக்கம், ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எல்லாம் பிரசாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் என்ற அபிப்பிராயம். இந்த மூன்றும் அவரிடம் இருந்தன.

“ஜானவாசத்துக்குக் கார் உண்டோ? இல்லை, இந்த ஊர் வழக்கப்படி ஜட்கா வண்டிதானோ?” என்று தட்டினார்.

அப்பா எழுந்து நின்றார். ஜட்ஜ் வந்தால்தான் அப்படி எழுந்து நிற்பார். “சொந்தக் கார். எங்காத்துக் கார்ல, எங்காத்துப் பிள்ளை ஓட்டி, மாப்பிள்ளையை அழைச்சுண்டு வருவான். வாத்தியார் வெச்ச நேரத்துக்கு நிச்சயதார்த்தம் நடக்கும்.”

“பார்ப்போமே” என்றது கைத்தடி.

அந்த ‘பார்ப்போமே’ எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தது. அப்பாவுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வேதா என்னைத் தனியாக அழைத்தாள். “டேய் சேஷு, அப்பா வாய் விட்டுட்டார். அவர் வார்த்தை இப்போ உன் கையிலே இருக்கு. பாதையைப் பார்த்து ஓட்டு. கவிதை கிவிதைன்னு யோசிச்சுண்டு வராதே.”

“என் மேலே நம்பிக்கை இல்லையா?”

“வண்டி மேலே இருக்கு” என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? ஜானவாசக் கார் ஜொலிக்க வேண்டும் என்று பெரிய கடைத்தெருவுக்குப் போய்ச் சின்னச் சின்ன பல்புகள் வாங்கி வந்தேன். பானெட்டைச் சுற்றி ஒரு வரிசை, பின்சீட்டில் மாப்பிள்ளை தலைக்கு மேலே தாமரை வடிவில் ஒரு கொத்து. எல்லாவற்றையும் கார் பேட்டரியிலேயே கோத்துவிட்டேன். பேட்டரி என்பது காவிரி மாதிரி, அள்ள அள்ள வரும் என்பது என் எண்ணம். (காவிரியும் சித்திரையில் மணலாகிவிடும் என்பது கண்ணெதிரே தெரிந்தும் தோன்றவில்லை.)

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து கார் ஓயவில்லை. ஜங்ஷனுக்குப் போய் உறவினர்கள், காந்தி மார்க்கெட்டிலிருந்து காய்கறி, வாழைப்பூவும் பெரியப்பாவும் ஒரே சீட்டில். அப்படி ஒரு நடையில், காவிரிப் பாலத்தின் நடுவே, கோபுரம் கண்ணில் படும் அந்த இடத்தில், ஓடிக்கொண்டிருந்த காரில் திருவிளக்கு தானாக ஒருமுறை மினுக்கியது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆற்றின் மேல் வெயில் உடைந்து சிதறிக்கொண்டிருந்தது. எனக்குள்ளும் ஏதோ உடைந்து சிதறியது. வீட்டுக்குள் ஓடினேன். “அம்மா! பாலத்துல, ஓடறப்பவே, பெருமாள் தானா ஏத்திண்டார்!” அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. “வேதாவோட அதிர்ஷ்டம்டா” என்றாள். அப்பா கனைக்கவில்லை. ஒரு மாதத்துக்கப்புறம் அன்றுதான் அவர் இரண்டாவது தடவை ரசம் கேட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஜானவாசம், மாப்பிள்ளை ஊர்வலம். வடக்குச் சித்திரை வீதியில் மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த வீட்டிலிருந்து கிளம்பி, கீழச் சித்திரை வீதி வழியாக, தெற்குச் சித்திரை வீதியில் இருந்த சத்திரத்துக்குப் போக வேண்டும். பெண்ணின் தம்பி என்ற முறையில் நான்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டேன். அவர் கோட்டும் சூட்டும் அணிந்து பின்சீட்டில் தாமரை பல்புகளுக்குக் கீழே உட்கார்ந்தார். அவரைச் சுற்றிலும் கைகால் முளைத்த கூடை மாதிரி உறவுக் குழந்தைகள். முன்சீட்டில் என் பக்கத்தில் சித்தப்பா, கைத்தடியோடு. கார் நகரும் முன் அவர் திரும்பி ஒரு கட்டளை போட்டார். “ராகவா, வழியெல்லாம் வாயைத் திறக்கப்படாது. மாப்பிள்ளைன்னா கம்பீரமா உக்காரணும்.”

முன்னால் நாதஸ்வரம், தவில். இரண்டு பக்கமும் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்குச் சுமந்தவர்கள். நடுவில் எங்கள் கார், ஆமைக்கு வழிவிட்டு ஊர்ந்தது. ஹெட்லைட் எரிய, தாமரை எரிய, பானெட் பல்புகள் எரிய, நான் பத்தடிக்கு ஒருதரம் ஹாரன் அடிக்க, புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே அந்த அற்புதம் நடந்தது. திருவிளக்கு எரிந்தது. மினுக்கவில்லை. நின்று எரிந்தது. காரோடு நடந்து வந்த அம்மா எட்டிப் பார்த்து, “ரங்கா!” என்று கைகூப்பினாள். பின்னால் வந்த மாமிகள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துச் சேவித்துவிட்டுப் போனார்கள். அப்பா சித்தப்பாவைப் பார்த்த பார்வையில், கேஸ் ஜெயித்தாகிவிட்டது.

பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் குரல் மெல்ல வந்தது. “சேஷாத்ரி... அந்தச் சிவப்பு...”

“ஆமாம் அத்திம்பேர். திருவிளக்கு. சேவிச்சுக்கோங்கோ.”

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சேவித்துக்கொண்டார். புதுச் சம்பந்தம், பாவம், என்ன செய்வார்?

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், “இல்லே, டைனமோ...”

“ராகவா!” என்றார் சித்தப்பா. கைத்தடி தட்டியது.

“மாப்பிள்ளைக்கு வேர்க்கறது, விசிறுங்கோ” என்றேன் நான். நாலு பக்கமிருந்தும் விசிறினார்கள். அந்த ஊர்வலத்தில் விஷயம் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் வாயைத்தான் மாலையாலும் மரியாதையாலும் விசிறியாலும் அடைத்துவிட்டோம்.

கார் தன்னால் முடிந்தவரை எங்களுக்குச் சொல்லிப் பார்த்தது. யானை மாதிரிப் பிளிறிய ஹாரன் ஆடு மாதிரிக் கத்த ஆரம்பித்தது. (மாப்பிள்ளை முன்னால் அடக்கமாகப் பேசுகிறது என்று நினைத்தேன்.) ஹெட்லைட் வெளுப்பிலிருந்து மஞ்சளானது. (மங்களகரம்!) தாமரை வாடியது. (சூரியன் போய்விட்டால் தாமரை கூம்பும் என்பது கவிகளுக்குத் தெரிந்ததுதானே?) கீழச் சித்திரை வீதியில், கோயில் தேர் நிற்கும் தேர்முட்டிக்கு எதிரே, ஹாரன் ஒரு பெருமூச்சு விட்டது. இன்ஜின் இரண்டு முறை விக்கியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாதஸ்வரம் மட்டும் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தது.

நான் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். சுற்றினேன். அது என்னைத் திருப்பிச் சுற்றியது. அங்கவஸ்திரம் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். மாடி ஜன்னல்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன. பின்சீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்கக் கீழே குதித்தன.

நாதஸ்வரக்காரர் திரும்பி வந்து கேட்டார். “நிறுத்திடட்டுங்களா?”

“நிறுத்தாதேயும்!” என்று அப்பா பதறினார். “நிறுத்தினா ஊருக்குத் தெரிஞ்சுடும்.” ஊர் முழுவதும் எங்களைச் சுற்றித்தான் நின்றிருந்தது. நாதஸ்வரக்காரர் நின்ற இடத்திலேயே நின்று ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் பண்ணிவைக்க வந்த வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். “சொந்தக் கார்” என்றார். ‘சொந்த’ என்ற சொல்லை அவ்வளவு நீளமாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை எழுந்து இறங்கி வந்தார்.

“சித்தப்பா, இனிமே நான் பேசலாமா?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோட்டைக் கழற்றினார். மாலையைக் கழற்றினார். அதைத் தரையில் வைக்கக் கூடாதே என்று சுற்றுமுற்றும் பார்த்தவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது என் கழுத்துதான். நான் அவருக்குப் போட்ட மாலை திரும்பி எனக்கே வந்தது.

“ஜானவாச வண்டி காலியா நிக்கப்படாது” என்றார் வாத்தியார்.

“சேஷாத்ரி, நீங்க போய் அங்கே உக்காருங்கோ” என்றார் மாப்பிள்ளை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். உங்களால் இங்கே ஆகக்கூடிய காரியம் அது ஒன்றுதான் என்று அர்த்தம். உட்கார்ந்தேன்.

பெட்ரோமாக்ஸ் விளக்குகள் பானெட்டைச் சுற்றி நின்றன. “தள்ளிக்கங்க சாமி, வெளிச்சம் மறைக்குது” என்று அப்பாவையே அதட்டினார் ஒரு விளக்குக்காரர். மாப்பிள்ளை உள்ளே கையை விட்டு ஒரு பெல்ட்டை அழுத்திக் காட்டினார். ஈரத் துணிக்கொடி மாதிரித் தொங்கியது.

“இந்த பெல்ட்தான் டைனமோவைச் சுத்தணும். டைனமோ சுத்தினாத்தான் பேட்டரிக்குச் சாப்பாடு. இது தளர்ந்து வழுக்கறது. போறாததுக்கு வண்டி ஊர்ந்து ஊர்ந்து வரது. பேட்டரி பட்டினி கிடந்துண்டே இத்தனை விளக்குக்கும் விருந்து போட்டிருக்கு. அந்தச் சிவப்பு பல்ப் அதைத்தான் சொல்லிண்டே வந்தது.”

“திருவிளக்கா?” என்றாள் அம்மா.

“ஆமாம் மாமி. ஓடறப்போ அது எரிஞ்சா, மத்த விளக்கெல்லாம் அணைச்சுடணும். இன்ஜினை நிறுத்தாம பக்கத்து மெக்கானிக் ஷாப் வரைக்கும் போயிடணும். பெல்ட் அறுந்து போயிருந்தா மட்டும் உடனே நிறுத்தணும், இன்ஜின் கொதிச்சுடும்.” இதை அவர் மறுநாள் மணவறையில் மந்திரம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார். “டைனமோவை நெம்பிப் பிடிச்சுண்டு போல்ட்டை முடுக்கணும். நெம்பறதுக்குக் கட்டையா ஏதாவது...”

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று.

“இது தேக்கு!” என்றார் சித்தப்பா.

“அதுதான் வேணும்” என்றார் மாப்பிள்ளை.

வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி இன்ஜினுக்குள் இறங்கியது. பிடியைச் சித்தப்பாவே பிடித்துக்கொண்டார், வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லாமல். “இன்னும் நெம்புங்கோ சித்தப்பா. இன்னும். மூச்சு விடாதேங்கோ.” மெட்ராஸின் கம்பீரம் முழுவதும் மூச்சடக்கி நெம்ப, மாப்பிள்ளையின் ஸ்பானரில் போல்ட் இறுகியது.

இனி காரை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும் என்றார் மாப்பிள்ளை. இதை அவர் வேறெந்த ஊரில் சொல்லியிருந்தாலும் சிரமப்பட்டிருப்பார். சொன்ன இடம் ஸ்ரீரங்கம், அதுவும் தேர்முட்டி. யாரோ பந்தல் கயிற்றை உருவிக்கொண்டு வந்தார்கள். யாரும் சொல்லாமலே இரண்டு வரிசை பிரிந்து நின்றது. வக்கீல், வாத்தியார், விளக்குக்காரர், பூக்காரர், தேர் பார்த்த கைகள் அத்தனையும் கயிற்றைப் பிடித்தன. “ரங்கா! ரங்கா!” என்று ஒரு குரல் கிளம்பியது. நாதஸ்வரக்காரர் இழுத்துக்கொண்டிருந்த ராகத்தை விட்டுவிட்டு, தேர் நகரும்போது வாசிப்பதை எடுத்தார். கார் நகர்ந்தது. ஸ்டீயரிங்கில் மாப்பிள்ளை. மேலே மாலையும் கழுத்துமாக நான்.

மாடி ஜன்னலில் ஒரு மாமி இன்னொரு மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “மாப்பிள்ளை ஏன்டி இப்படித் திருதிருன்னு முழிக்கறார்? டிரைவர்னா லட்சணமா இருக்கார்!”

ஸ்டீயரிங்கில் இருந்தவர் கிளட்ச்சை விட்டார். கார் ஒருமுறை உதைத்தது, இரண்டாவது உதையில் இன்ஜின் உறுமியது. கயிறு பிடித்தவர்கள் வீட்டு வாசல்களுக்குள் தாவினார்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மாப்பிள்ளை ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். டாஷ்போர்டில் சிவப்புப் பொட்டு தயங்கியது, மினுங்கியது, மறைந்தது.

பக்கத்தில் ஓடி வந்த மாமிகள் எட்டிப் பார்த்தார்கள். விளக்கு போய்விட்டதே! அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனவள், பாதியில் நின்றாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கரி அப்பிய அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. “போச்சு மாமி! நன்னாப் போச்சு!” என்று கத்தினார்.

“போகட்டும்! போகட்டும்!” என்று அம்மா கைதட்டினாள். எங்கள் வம்சத்தில் விளக்கு அணைந்ததற்கு யாரோ கைதட்டியது அன்றுதான்.

மெதுவாகப் போனால் பேட்டரிக்கு மறுபடி பட்டினி. ஆகவே ஊர்வலம் ஓட்டமாக மாறியது. கார் முன்னால் பறக்க, பின்னால் தவில்காரர் தவிலைக் கட்டிக்கொண்டு ஓட, அவருக்குப் பின்னால் தலையில் பெட்ரோமாக்ஸ் ஆட விளக்குக்காரர்கள் ஓட, சம்பந்திகள் ஓட, நான் மாத்திரம் தேருக்குள் உற்சவர் மாதிரி அசையாமல் போனேன். சத்திரத்து வாசலில் இருட்டு. வெளிச்சமெல்லாம் இன்னும் தெரு முனையில் ஓடி வந்துகொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு காத்திருந்த அத்தை, மாலை தெரிந்த கழுத்தே மாப்பிள்ளையின் கழுத்து என்று முடிவு செய்து, எனக்கு மூன்று சுற்றுச் சுற்றி நெற்றியில் அழுத்தமாக ஒரு பொட்டும் வைத்துவிட்டாள். மாடியிலிருந்து வேதா பார்த்தாள். பின்சீட்டில் ஆரத்தி வாங்கும் தம்பி, ஸ்டீயரிங்கில் முகமெல்லாம் கரியோடு கட்டிக்கொள்ளப் போகிறவர். “நான் அன்னிக்குத்தான் சம்மதிச்சேன். அதுவரைக்கும் பெரியவா சொன்னாளேன்னு இருந்தேன்” என்று இன்றும் சொல்கிறாள்.

வாத்தியார் வைத்த நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சித்தப்பா கடைசியாக வந்து சேர்ந்தார், கிரீஸ் அப்பிய கைத்தடியை வாள் மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு. மூச்சு வாங்கியபடி அப்பா முன்னால் நின்றார்.

“எங்காத்துக் கார்ல, எங்காத்துப் பிள்ளை ஓட்டிண்டு வருவான்னு சொன்னேளே, ஸ்வாமி?”

அப்பா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, ஸ்டீயரிங்கில் இருந்தவரின் தோளில் கையை வைத்தார்.

“ஓட்டிண்டு வந்தாரா, இல்லையா?”

சித்தப்பா மாப்பிள்ளையின் கரி முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கைத்தடி கீழே விழுந்தது. அந்தக் கிரீஸை அவர் கடைசிவரை துடைக்கவே இல்லை. மெட்ராஸ் முழுக்க, தன் தடிதான் ஸ்ரீரங்கத்தில் தேரைக் கிளப்பியது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

சில வருஷங்கள் கழித்து எனக்கும் கல்யாணம் வந்தது. லக்ன பத்திரிகை எழுத உட்கார்ந்தபோது பெண்ணின் அப்பா, “ஜானவாசம் எந்தத் தெருவிலேர்ந்து?” என்று கேட்டார். அதே வாத்தியார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், “பிள்ளைக்கு ஜானவாசம் எல்லாம் முன்னாடியே ஆயிடுத்தே” என்றார். அந்த மனிதர் எழுதிக்கொண்டிருந்த கையை அப்படியே தூக்கிவிட்டார். எனக்கு முதல் தாரம் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். அத்திம்பேர் வந்து முழுக் கதையையும் சொல்லி முடிக்கும் வரை என் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியது.

கடைசியில் ஜானவாசம் நடந்தது. அதே கார், ஓட்டியவர் அத்திம்பேர். பெருமாள் படத்தை அம்மா டாஷ்போர்டின் இன்னொரு பக்கத்துக்கு ஏளப் பண்ணியிருந்தாள். அன்று எடுத்த போட்டோ இப்போதும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஊரே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. மாப்பிள்ளை (இந்தத் தடவை நான்தான்) மட்டும், மாலையும் கழுத்துமாகப் பின்சீட்டிலிருந்து எட்டி, குனிந்து, வேறெங்கோ பார்க்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள், “என்ன அடக்கம், என்ன வெட்கம்!” என்பார்கள்.

“வெட்கமாவது!” என்பாள் என் மனைவி காபி டம்ளரை நீட்டியபடி. “தாலி கட்டற வரைக்கும் என் முகத்தை இப்படிப் பார்த்திருப்பாரா, கேளுங்கோ. பல்ப் எரியறதான்னு பார்த்துண்டிருக்கார்.”

எரியவில்லை. கடைசிவரைக்கும் எரியவே இல்லை.